இன்னொரு வருஷம் உட்கார வைத்தால் பின்னம் புரிந்துவிடுமா?

நான் ஏழாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். 1993-ல் ஒரு தடவை, 1994-ல் ஒரு தடவை. இதை இங்கே சொன்னதில்லை, சொல்ல அவசியமும் வரவில்லை. போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் போட்டுத்தான் பிள்ளைகளைக் கெடுத்து வச்சிருக்காங்க, எங்க காலம் மாதிரி ரெண்டு பேரைக் கோட் அடிக்க விட்டா மத்தவன் தானா படிப்பான்" என்று சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே சொன்னார். அப்படி ஃபெயிலாகி நின்ற ரெண்டு பேரில் ஒருத்தன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும். பெரியவர், சாப்பிடுகிற நேரத்தில் எதற்கு என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு இருந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே கொட்டுகிறேன்.

எனக்குக் கணக்கு மட்டும்தான் வரவில்லை. மற்ற நான்கு பாடத்திலும் தேர்ச்சி, வரலாறு-புவியியலில் வகுப்பில் முதல் ஐந்துக்குள் இருப்பேன். முழுப் பரீட்சையில் கணக்கில் 23. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்புப் பட்டியலில் பெயர் இல்லை. ஆறாவதிலிருந்து பாஸாகி வந்த என் தம்பியும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பிரிவு. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு அடுத்து என் பெயர். "அண்ணனும் தம்பியும் இனி ஜோடியா வரலாம்" என்று சார் சொல்ல, வகுப்பே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டில் ஒரு செட் புத்தகம் மிச்சம் என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

அந்த இரண்டாவது வருஷத்தில் எனக்கு என்ன கிடைத்தது என்று நிதானமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதே சார், அதே நோட்ஸ், தேதி மட்டும் வேறு. வரலாற்று வகுப்பில் அவர் கேள்வியை முடிக்கும் முன்னே எனக்குப் பதில் தெரியும், ஆனால் கை தூக்க வெட்கம். கணக்கில் போன வருஷம் எந்த இடத்தில் நின்றேனோ அதே இடத்தில் அச்சுப் பிசகாமல் மறுபடி நின்றேன். ஏனென்றால் என் கோளாறு ஏழாம் வகுப்பில் இல்லை. நான்காம் வகுப்பில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், என்னை மூன்று மாதம் ஆச்சி வீட்டில் விட்டிருந்தார்கள். அந்த மூன்று மாதத்தில்தான் பின்னம் நடத்தியிருக்கிறார்கள். தொகுதி, பகுதி என்றால் என்னவென்றே தெரியாமல் ஏழாவது வரை வந்துவிட்ட ஒருவனை, ஏழாவதையே இன்னொரு தடவை படி என்றால் என்ன படிப்பான்? இருந்தும் அந்த வருஷம் 41 எடுத்து பாஸானேன். எப்படி என்றால், அதே பயிற்சிக் கணக்குகள் இரண்டாம் முறை வந்ததில் விடைகள் மனப்பாடமாகிவிட்டன. ஃபெயில் ஆக்கினால் பிள்ளை தேறிவிடுகிறான் என்று சொல்பவர்கள் கையில் என் மதிப்பெண் அட்டை கிடைத்தால் அதையே சாட்சியாகக் காட்டுவார்கள்!

பின்னம் எனக்குப் புரிந்தது அந்தக் கோடை விடுமுறையில், சிவகாசியில் மாமாவின் அச்சாபீஸில். பைண்டிங்கில் இருந்த ஓர் அண்ணாச்சி, ஒரு முழு டெமி தாளை (அச்சுத்தாளில் அது ஓர் அளவு) என் முன்னால் விரித்தார். ஒரு மடி மடித்து "அரை" என்றார். இன்னொரு மடி, "கால்". மூன்றாவது மடியை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு, "இதுதான் டெமி ஒண்ணுல எட்டு. எத்தனை தாளு, எத்தனை பக்கம், சொல்லு" என்றார். பிரித்து எண்ணினேன். எட்டுத் தாள், பதினாறு பக்கம், ஒரு ஃபாரம். எட்டில் இரண்டும் நாலில் ஒன்றும் ஒரே அளவு என்பதைத் தாளின் மேல் தாளை வைத்துப் பார்த்தபோது, இதற்காகவா ஒரு வருஷம் போனது என்று வந்தது. ஒரு வாரம், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைத்த நேரம். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

என்னோடு கோட் அடித்த இன்னொருத்தனுக்கு அப்படி ஓர் அண்ணாச்சி அமையவில்லை. எங்களில் உயரமானவன், கடைசி பெஞ்சில் சின்னப் பையன்களோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பான். காலாண்டு லீவு முடிந்து வரவில்லை, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டான் என்றார்கள். இப்போது எங்காவது பார்த்தால் "என்ன படிப்பாளி" என்பான். பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். அக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண் ஃபெயில் என்றால் படிப்பை நிறுத்த வேறு காரணமே தேட வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் ஆல் பாஸ்தான் சரியா என்றால், அதிலும் எனக்குக் கோபம் உண்டு. 2009-ல் வந்து 2010 ஏப்ரலில் அமலான கல்வி உரிமைச் சட்டம், எட்டாவது முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. கூடவே, பரீட்சைக்குப் பதிலாக வருஷம் முழுக்கத் தொடர்ந்து பிள்ளையின் படிப்பை மதிப்பிடுங்கள் என்றும் சொன்னது. முதல் பாதி சுலபம், பேனாவால் 'தேர்ச்சி' என்று எழுதினால் போதும். இரண்டாம் பாதிக்குத்தான் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அது பதிவேட்டிலும் ப்ராஜக்ட் சார்ட்டிலும் முடிந்துபோன பள்ளிகள் நிறைய. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் பரீட்சை வைத்து நிறுத்தலாம், மாநிலங்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்கள். தமிழ்நாடும் அந்த இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் கேந்திரிய வித்யாலயா மாதிரி மத்திய அரசுப் பள்ளிகளில் நிறுத்தி வைக்கும் முறை திரும்ப வந்தது, இங்கே எட்டு வரை பழையபடியே தொடர்கிறது.

அந்த 2019 திருத்தத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரி இருக்கிறது. ஃபெயிலான பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து, ரிசல்ட் வந்த இரண்டு மாதத்துக்குள் மறுபடி பரீட்சை வைக்க வேண்டும், அதிலும் தேறாவிட்டால்தான் நிறுத்தலாம். நல்ல ஏற்பாடு என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு மாதம் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை தேறும் என்று சட்டமே நம்புகிறது என்றால், அந்த இரண்டு மாதத்தை ஏன் ஃபெயில் ஆன பிறகு கொடுக்க வேண்டும்? ஐந்தாவதில் பின்தங்கியவன் ஐந்தாவது கடைசியிலா பின்தங்கினான்? மூன்றாவதில் எழுத்துக்கூட்டத் திணறும்போதே தெரியுமே.

இது நடக்காத காரியமும் இல்லை. கொரோனாவுக்குப் பின் 2021-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள்தான் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சாயங்காலம் பாடம் எடுத்தார்கள். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் சகாக்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது. (பின்னம் என்னை விடாது போல.) யாரையும் எந்த வகுப்பிலும் நிறுத்தாமல் நடந்த வேலை இது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையை அது நிற்கும் நிலையில் வைத்துப் பார்க்கிறார்கள். பெயரே எனக்குப் பிடிக்கும், அரும்பை யாரும் ஃபெயில் என்று சொல்வதில்லை.

ஆசிரியராக இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஒரே அறையில் மூன்று வகுப்பு, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் பதிவேற்றுவதற்கே அரை நாள், பயம் இல்லாத பிள்ளைகள், கண்டித்தால் மறுநாள் வாசலில் பெற்றோர். எல்லாம் நியாயம். பயம் பற்றிச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏழாவது இரண்டாம் வருஷத்தில் என்னைவிடப் பயந்தவன் அந்த வகுப்பில் இல்லை, அந்தப் பயம் எனக்கு ஒரு பின்னத்தைக்கூடக் கூட்டக் கற்றுத்தரவில்லை.

ஆல் பாஸ் இல்லாத ஒன்பதாவதில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கிறேன். எங்கள் அச்சாபீஸுக்கு பைண்டிங் வேலைக்கு வரும் அக்காவின் மகன் இந்த ஜூனில் ஒன்பதாவது போனான். தமிழ் வாசிக்கத் தடுமாறுவான். எட்டு வருஷம் தேர்ச்சி போட்டுத் தள்ளிவிட்ட அதே பள்ளி, "பத்தாவதுல எங்க ரிசல்ட் விழுந்துரும், டிசி வாங்கிக்கிட்டு வேற எடம் பாருங்க" என்று அக்காவை அழைத்துச் சொல்லியிருக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி, காலாண்டு வரை பார்க்கலாம் என்று தவணை வாங்கி வந்திருக்கிறார். நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் வைக்கும் பள்ளிகளில், அந்த நூறுக்குள் வராமல் டிசியோடு போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஆடிப்பெருக்கு கழிந்து காலண்டர் வேலை சூடுபிடித்திருக்கிறது. ஆறு வாரமாக அந்தப் பையன் சாயங்காலம் அச்சாபீஸ் வருகிறான், கழிவுத் தாளில் வரும் தினசரி காலண்டர் சீட்டுகளை வாசிக்கச் சொல்கிறேன். முதல் வாரம் 'வியாழன்' தாண்டவே மூச்சு வாங்கியது. நேற்று தேதி, திதி, ராகு காலம், பல்லி விழும் பலன் எல்லாம் ஓடிவிட்டு, சந்திராஷ்டமத்தில் வந்து நின்றான். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஒரு வழியாகச் சொல்லியும் முடித்துவிட்டு, "அப்படின்னா என்ன மாமா?" என்றான். எனக்கும் சரியாகத் தெரியாது, பைண்டிங்கில் கேளு என்று அனுப்பிவிட்டேன்.