போலீசுக்கு இந்த வேலைக்குக் காசு ஒதுக்குங்க

நேத்து ஒட்டுக்கடைல ஒருத்தர் கேட்டாரு, கிரிப்டோ திருடனப் பிடிக்க போலீசு எதுக்கு இவ்ளோ செலவு பண்ணணும், பேராசைப்பட்டு ஏமாந்தவனுக்கு நம்ம வரிப்பணமான்னு. பக்கத்துலயே எங்க மாமா உக்காந்திருந்தாரு, அதனால அங்க பேசல. மாமாகிட்ட கேட்டுட்டுதான் இங்க எழுதுறேன்.

முப்பத்தஞ்சு வருஷம் இதே தோட்டத்துல பால்மரம் வெட்டி, அப்புறம் செம்பனைக் குலை அறுத்த மனுஷன். தோட்டத்து வீட்ட காலி பண்ணணும், தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) சின்னதா ஒரு வீடு வாங்கணும், இபிஎஃப் (சேமநிதி) காசு பத்தல, அவ்ளோதான். டெலிகிராம்ல ஒரு பொண்ணு அண்ணே அண்ணேன்னு தமிழ்லயே பேசி, யூஎஸ்டிடின்னு டாலர் மதிப்புல இருக்குற கிரிப்டோ காசு வாங்கச் சொல்லிக் குடுத்து, நாலு தடவையா 42,000 வெள்ளி (ரிங்கிட்) போயிருச்சு. ஆப்புல மட்டும் லாபம் ஏறிக்கிட்டே இருந்துச்சு, எடுக்கப் போனா மொதல்ல டேக்ஸ் கட்டுன்னாங்க.

பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷனுக்கு) நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரிப்போர்ட் எழுதுன தம்பி நல்ல புள்ள, மாமாவுக்குத் தண்ணிகூட வாங்கிக் குடுத்தாரு, ஆனா வாலட் அட்ரஸ்னா, அதாவது கிரிப்டோவுக்குக் கணக்கு நம்பர் மாதிரி ஒன்னு, அது என்னன்னு நான்தான் காட்ட வேண்டியிருந்துச்சு. யாரும் சொல்லித் தரலன்னா அவரு என்ன பண்ணுவாரு?

கிரிப்டோவுல போன காசு காத்துல போன மாதிரின்னு எல்லாரும் நெனைக்கிறோம், தப்புங்க. பிளாக்செயின்ங்கிற பொதுக் கணக்குப் புத்தகத்துல காசு ஒவ்வொரு தடவ கை மாறுறதும் அழியாம பதிஞ்சிருக்கு, யாரு வேணா பாக்கலாம், பேரு மட்டும்தான் இருக்காது. வாலட் வாலட்டா தொரத்திட்டுப் போனா பெரும்பாலும் எங்கயாச்சும் கிரிப்டோ வாங்கி விக்கிற ஒரு எக்ஸ்சேஞ்சுல அத காசாக்க வருவான், லைசென்ஸ் உள்ள எக்ஸ்சேஞ்சுன்னா ஐசி (அடையாள அட்டை) குடுத்துதான் கணக்கு தொறந்திருக்கணும், யூஎஸ்டிடியா இருந்தா வெளியிடுற கம்பெனியே போலீசு கேட்டா முடக்கி வைக்க முடியும். ஆனா அதுக்கு லைசென்ஸ் கட்டி வாங்குற சாஃப்ட்வேர் வேணும், ஓட்டத் தெரிஞ்ச ஆளு வேணும், எல்லாத்துக்கும் மேல சீக்கிரம் நடக்கணும், ரெண்டு வாரம் கழிச்சு ஃபைலத் தொறந்தா ஒன்னும் மிஞ்சாமப் போகலாம்.

லண்டன் போலீசு 2018ல ஆரம்பிச்ச கேஸ பாருங்க. கைக்கு வந்தது 61,000 பிட்காயின். எல்லாம் சீனாவுல 128,000 பேருக்கு மேல ஏமாத்துன காசு, அதுலயும் நெறைய பேரு எங்க மாமா வயசுக்காரங்க. அத நடத்துன ஷிமின் சியான்ங்கிற சீனப் பொம்பளைய 2024லதான் பிடிச்சாங்க, 2025 நவம்பர்ல 11 வருஷம் 8 மாசம் ஜெயில், கூட இருந்த ஒரு மலேசியக்காரனுக்கு 4 வருஷம் 11 மாசம். ஏழு வருஷம் ஆளும் காசும் போட்டு விடாம உக்காந்திருந்தாங்க, அதனாலதான் முடிஞ்சுது.

நம்ம நாட்டுல 2022 அக்டோபர்ல மோசடியப் புகார் பண்ண 997 நம்பர் வந்தது நல்ல காரியம், பேங்குல போற காசுன்னா உடனே கூப்புடுங்க, யோசிக்காதீங்க. நான் கேக்குறது, புக்கிட் அமான்ல (கேஎல்ல இருக்குற போலீஸ் தலைமையகத்துல) மட்டும் ஆளு இருந்தா எங்க மாதிரி தோட்டத்து ஊருக்கு எப்ப வந்து சேரும்? மாவட்டத்துக்கு ரெண்டு பேருக்காவது டிரெய்னிங் குடுங்க, அவங்க கையில அந்த சாஃப்ட்வேர குடுங்க. எங்க வரிப்பணம் இதுக்குப் போகட்டும், எனக்கு முழு சம்மதம்.

போன வாரம் காசு மீட்டுத் தரேன்னு எவனோ மாமாவுக்கு மெசேஜ் போட்டிருக்கான், அதுக்கும் முன்பணம் கேக்குறான். பிளாக் பண்ணிட்டோம். வாலட் அட்ரஸ் எல்லாத்தையும் மகளோட பள்ளிக்கூட நோட்டுல எழுதி வச்சிருக்கேன், கேஸ் ஆபீசர் கூப்புட்டா அன்னைக்கே கொண்டுபோய் குடுத்துருவேன்.