பாவா தொடங்கியது 38 வயதில்

கட்டடக்கலைக்கு வருகிறவர்கள் அந்த முடிவை இருபதுகளிலேயே எடுத்துவிட வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இலங்கையின் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவை எங்கே வைப்பது? முதலில் அவர் வழக்கறிஞர். 1948இல் இலங்கையில் லுணுகங்கை என்ற ஒரு பழைய தோட்டத்தை வாங்கி, அதைத் திருத்தப் போய்த்தான் கட்டடக்கலைப் பக்கம் வந்தார். லண்டனில் கட்டடக்கலை படித்து முடித்தது 1957இல், 38 வயதில்!

அப்புறம் சில ஆண்டுகளிலேயே கொழும்பில் அவர் வடிவமைத்தது, பத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவின் வீடு. நகரத்து மனைக்குள் பெரிய நடுமுற்றம், சுற்றித் தாழ்வாரம், ஓட்டுக்கூரை. தெருவுக்கு மதில்தான், காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியே. அந்த வீட்டைப் பிற்காலத்தில் பகுதி பகுதியாகக் கழற்றி லுணுகங்கையில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் இன்ஜினியரிடம் முற்றம் கேட்டதற்கு, "இடம் வேஸ்ட் சார்" என்றார்.