லூக்கா 2: இருபதாம் வசனத்தோடு முடிந்துவிடும் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் ஆராதனையில், இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தை வாசிக்க எழுந்திருப்பவர் பெரும்பாலும் 20ஆம் வசனத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். மேய்ப்பர்கள் தேவனைத் துதித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள், அவ்வளவுதான், பாடற்குழு எழுந்துவிடும். ஆனால் அந்த அதிகாரத்துக்கு 52 வசனம். மீதி 32 வசனத்தை டிசம்பரில் யாரும் சீண்டுவதில்லை. பிள்ளை வளர்க்கிறவனுக்கு வேண்டியது அந்த மீதியில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. பதிவு கொஞ்சம் நீளும், நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

எட்டாம் நாளில் குழந்தைக்கு இயேசு என்று பெயர் வைக்கிறார்கள். பிறகு தாய் மரியாளும் யோசேப்பும் குழந்தையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிள்ளை பெற்ற தாய் ஓராண்டு ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அதற்கு வசதியில்லாவிட்டால் இரண்டு காட்டுப்புறாவோ இரண்டு புறாக்குஞ்சோ போதும் என்று லேவியராகமம் 12 சொல்கிறது. லூக்கா ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, பறவைகளை மட்டும் எழுதுகிறார். வீட்டு நிலவரம் அதிலேயே தெரிந்துவிடுகிறது. நம் நாடக மேடை யோசேப்பு பளபளக்கும் அங்கி போட்டுக்கொண்டு நிற்பார். இந்த யோசேப்பு கையில் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டுக் காணிக்கை செலுத்துகிற மனுஷன். எனக்கு இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

அடுத்து ஆலயத்துக்கு வந்த சிமியோன் என்கிற பக்தர் குழந்தையைக் கையில் ஏந்தி ஆசீர்வதித்த கையோடு, தாயைப் பார்த்து உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்கிறார். பச்சைக் குழந்தையோடு நிற்கிற தாயிடம் சொல்கிற பேச்சா இது என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் கேட்பாள். அன்னாள் வருகிறாள், எண்பத்துநான்கு வயது விதவை, ஆலயத்தை விட்டு நீங்காதவள். (எல்லாச் சபையிலும் முன்வரிசையில் ஓர் அன்னாள் உண்டு. டிசம்பர் மாதம் முழுக்க மைக் அவர்கள் பக்கம் போகாது.)

இதற்கெல்லாம் பிறகுதான் நான் சொல்ல வந்த இடம். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பஸ்கா என்கிற யூதப் பண்டிகைக்கு எருசலேம் போய்விட்டுத் திரும்புகிறார்கள். பிள்ளை பிரயாணக்காரரின் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் தூரம் வந்துவிடுகிறார்கள். அப்புறம் உறவினரிடம் தேடி, தெரிந்தவர்களிடம் தேடி, காணாமல் எருசலேமுக்கே திரும்பி, மூன்று நாளைக்குப் பிறகு தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்தத் தாய் தகப்பனிடம் எனக்குக் குறை காணத் தோன்றவில்லை. அவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று லூக்காவும் எழுதவில்லை. வருஷந்தோறும் பண்டிகைக்குப் போகிற பக்தியுள்ள குடும்பம், சுற்றி முழுக்கச் சொந்தபந்தம். அப்படிப்பட்ட பாதுகாப்பான கூட்டம் என்பதால்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்ட இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். ஆலயத்துக்கு அழைத்துப் போகிறவன்தான் கையை விடுகிறான்.

டிசம்பரில் சபைக் குடும்பங்களின் பாடு இதுவேதான். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். மனைவி ஆல்டோ பாட, பயிற்சிக்குப் போய்விடுவாள். சின்னவள் நாடகத்தில் தேவதூதி. நான் மேடை விளக்கு, வயர், ஏணி என்று திரிவேன். பெரியவன், பதினைந்து வயது, சவுண்ட் மிக்சர் பக்கத்தில். நான்கு பேரும் ஒரே வளாகத்தில்தான் இருக்கிறோம், நாலு பேரும் நாலு மூலையில். "பையன் எங்கே?" என்று யாராவது கேட்டால் "சர்ச்லதான் இருக்கான்" என்று பதில் ரெடியாக வரும். பிரயாணக்காரரின் கூட்டத்தில் இருப்பான்!

சின்னப் பிள்ளைகளுக்குக் குறையில்லை. நாடகத்துக்கு முன்னால் பின்னறையில் போய்ப் பாருங்கள். ஓர் அம்மா பல்லுக்கு இடையில் சேஃப்டி பின்னைக் கடித்துக்கொண்டு அட்டைச் சிறகை முதுகில் குத்திக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஆட்டுக்குட்டிக்கு ஒட்டிய பஞ்சு உதிராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆட்டுக்குட்டி சிறுநீர் கழிக்க வேண்டும் என்று அழும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வேஷம் இருக்கிறது, ஒரு பெரியவரின் இரண்டு கைகளும் இருக்கின்றன. லூக்காவின் மேய்ப்பர்களும், குழந்தையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த மத்தேயுவின் சாஸ்திரிகளும் ஒரே இரவில் ஒரே கொட்டகையில் முட்டிக்கொள்வார்கள். சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிக்கை சொல்லவுமில்லை, அவர்கள் போனது ஒரு வீட்டுக்குள் என்றுதான் எழுதியிருக்கிறார். அதற்கெல்லாம் நான் சண்டை பிடிக்கிற ஆளில்லை. 1223இல் துறவி அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ ஊரில் முன்னணையும் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் காட்டியது, ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதானே. பார்த்துச் சந்தோஷப்படுவது நல்லதுதான்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடைகிறது. ஆட்டுக்குட்டி உடுப்பு முழங்காலுக்கு ஏறிவிடுகிறது. அதோடு வேஷம் போச்சு. அப்புறம் அந்தப் பிள்ளைக்குச் சபை கொடுப்பது வேலை மட்டும்தான். நாற்காலி போடு, வயரைச் சுருட்டு, ஸ்லைடு மாற்று. வேலை செய்வதில் தப்பில்லை, என் மகன் மிக்சரில் உட்கார ஆசைப்பட்டுத்தான் போகிறான். ஆனால் அந்த வயதில்தான் அவனுக்குக் கேள்விகள் வருகின்றன. அதை வைத்துக்கொள்ள நம்மிடம் இடமே இல்லை.

அவன் கேட்ட கேள்வி இது: "ஏரோது ராஜா குழந்தைங்களைக் கொல்லப் போறான்னு யோசேப்புக்கு மட்டும் ஏன்ப்பா கனவுல சொன்னாங்க? பெத்லகேம்ல இருந்த மத்த அப்பாக்களுக்கு ஏன் சொல்லல?"

சபையில் ஒரு பெரியவரிடமும் இதைக் கேட்டிருக்கிறான். "தம்பி, பண்டிகை நேரத்துல இதெல்லாம் எதுக்கு? ஜெபம் பண்ணு" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்தான், அவர் எண்ணத்தில் பழுதில்லை. ஆனால் இது பண்டிகை நேரத்துக்கே உரிய கேள்வி. திருச்சபை நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நினைவு நாள். 28ஆம் தேதி ஏரோது கொன்ற அந்தக் குழந்தைகளின் நினைவு நாள். முன்னோர் பண்டிகையை ஒட்டியே மரணத்தையும் வைத்தார்கள், பயப்படவில்லை. நாம் பலூன் கட்டி மறைத்துவிட்டோம்.

நான் அவனோடு உட்கார்ந்து மத்தேயு 2ஐ வாசித்தேன். மத்தேயு அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்லவில்லை. எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து ராகேல் என்கிற தாயின் அழுகையை எடுத்து வைக்கிறார், தன் பிள்ளைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள் என்று. ஆறுதல் வேண்டாம் என்கிற ஒரு தாயைச் சுவிசேஷம் கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே உட்கார வைத்திருக்கிறது. எனக்கும் அதே கேள்வி உண்டு, அதையும் வைத்துக்கொண்டுதான் ஆராதனைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவனுக்குத் திருப்தியில்லை. "அப்போ உங்களுக்கும் தெரியாதா?" என்றான். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், வேறு வேறு கேள்வி, எல்லாம் அவன் கேட்டதுதான்.

இனி லூக்காவின் 46ஆம் வசனத்துக்கு வாருங்கள். காணாமல்போன பிள்ளையைத் தாய் தகப்பன் எங்கே கண்டார்கள்? போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினாவிக்கொண்டும் இருக்கக் கண்டார்கள். பிரசங்கங்களில் அந்தப் பிள்ளையின் புத்தியைத்தான் புகழ்வோம். என்னை ஆச்சரியப்பட வைப்பது அந்தப் போதகர்கள். பண்டிகை முடிந்த அலுப்பில் ஊர் தெரியாத ஒரு சிறுவனுக்குத் தங்கள் நடுவில் இடம் விட்டிருக்கிறார்கள். (உங்க அப்பா அம்மா எங்கே தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

யோசேப்பு அங்கேயும் பேசவில்லை. நான்கு சுவிசேஷத்திலும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. மத்தேயுவில் நான்கு முறை கனவு வருகிறது, நான்கு முறையும் சொன்னபடி செய்கிறார். இதை வைத்து 'தகப்பன் என்றால் பேசாமல் உழைப்பவன்' என்று தகப்பனார் தினத்தில் பிரசங்கம் வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதப்படாததால் அவர் வீட்டில் ஊமையாக இருந்தார் என்று ஆகாது. மரியாளே "உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே" என்றுதான் சொல்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து தேடியிருக்கிறார்கள். பிள்ளை சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். விளங்காவிட்டாலும் சேர்ந்தே நாசரேத்துக்குப் போனார்கள். சுவிசேஷத்தில் யோசேப்பு வருவது அதுதான் கடைசி. பிறகு 'யோசேப்பின் குமாரன்' என்று பெயர் மட்டும் வரும், ஆள் வருவதில்லை.

எந்த ஞாயிறில் எந்த வேதபகுதி என்று குறித்துவைத்த மூன்றாண்டு வாசக அட்டவணையைப் பின்பற்றுகிற சபைகளில் இந்தப் பகுதி சுத்தமாக விட்டுப்போகவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறில் வரும். 2024 டிசம்பர் 29இல் வந்தது, அடுத்து 2027 டிசம்பர் 26இல் வர வேண்டும். ஆனால் வருஷத்திலேயே ஆலயம் காலியாகக் கிடக்கிற ஞாயிறுகளில் அதுவும் ஒன்று. போதகர் ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருக்கும், பாடற்குழுவில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள், அலங்காரத்தில் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்.

நிகழ்ச்சிகளை நிறுத்தச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. என் மனைவியின் பக்கத்தில் நின்று பாடுகிற அக்கா ஒருவர் தனியாக இருப்பவர். டிசம்பர் பயிற்சி இருக்கிற நாட்களில்தான் அவருக்குப் பேச்சுத்துணை. குடும்பத்துக்கு நேரம் வேண்டும் என்று என்னைப் போல ஆட்கள் முழங்கி, பயிற்சியை எல்லாம் ரத்து செய்தால் முதலில் வீட்டுக்குள் தனியாக அடைபடுவது அவர்தான். அதனால் நான் கேட்பது சின்னது. பயிற்சி எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு முடியட்டும். நாடகங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் யாருடைய விசுவாசமும் தேய்ந்துவிடாது. வேஷத்துக்கு வயது தாண்டிய பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பெரியவர்கள் சிலர் ஒரு வட்டமாக உட்காரட்டும்.

இதைச் சபைக் கமிட்டியில் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றேன். அன்றைக்கு ஹாலில் பந்தல் பிரிக்க வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள். பரவாயில்லை. அந்த ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம். பெற்றோரும் வரலாம், ஆனால் பிள்ளை கேள்வியை முடிக்கும் முன்னால் பதில் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. இந்த நிபந்தனை என் மகன் போட்டது. வருகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நாற்காலி எண்ண வேண்டும்.