வாசலில் செருப்பு கிடக்கிறது, ஆள் மட்டும் ஊரில் இல்லையாம்

நான் போட்ட கேஸில் நாலாவது முறையாக வாய்தா. காரணம் அதேதான்: "சம்மன் சார்வாகவில்லை." அதாவது, கோர்ட் அழைப்பு எதிராளி கையில் போய்ச் சேரவில்லை. இந்த ரெண்டு வார்த்தையைக் கேட்க அரைநாள் சம்பளத்தை விட்டு, அம்மாப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய் கோர்ட் வராண்டாவில் கால் கடுக்க நிற்கிறேன்.

என் வீட்டுக்காரர் (சட்டப்படி இன்னும் அப்படித்தானே சொல்லித் தொலைய வேண்டும்!) தலைமறைவுக் குற்றவாளி ஒன்றும் இல்லை. ஏற்காட்டில் காபித்தூளும் மிளகும் விற்கிறார். மே மாதம் கோடை விழாவுக்கு வந்த கூட்டமெல்லாம் அவரைப் பார்த்தது. சம்மன் கொண்டுபோகும் கோர்ட் அமீனா கண்ணுக்கு மட்டும் அகப்பட மாட்டார்.

முதலில் தபால் போனது. "கதவு பூட்டு", "கதவு பூட்டு" என்று பால்பாயிண்ட் பேனாவில் தேதி தேதியாகக் கிறுக்கி, கவர் போன மாதிரியே திரும்பி வந்தது. சரி, பேட்டா (அமீனா போய்வரும் செலவு) கட்டி அமீனாவை அனுப்பினோம். வீட்டை அடையாளம் காட்ட நானும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ரோட்டோரம் நின்றேன். மாமியார் கூசாமல் சொல்கிறார்: "அவன் பெங்களூரு போய் ஆறு மாசம் ஆச்சுங்க சார். அட்ரஸ் எங்களுக்கே தெரியாதுங்க." வாசலில் என் வீட்டுக்காரருடைய நீலச் செருப்பு. இடது வார் அறுந்து, நான் குத்திவிட்ட சேப்டி பின் அப்படியே இருக்கிறது!

அதே வாரம் சித்தி மகள் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாள். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் நெற்றி நிறையத் திருநீறோடு ஐயா ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். பெங்களூராம்!

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. தேடியும் ஆள் அகப்படாவிட்டால் வாசல் கதவில் சம்மனை ஒட்டிவிட்டு வரலாம் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம் (சிபிசி), ஆர்டர் 5, ரூல் 17. ஆனால் அந்த வீட்டிலேயே குடியில்லை என்று மாமியார் சொல்லிவிட, அமீனா ஒட்டாமல் அதையே எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். இனி ரூல் 20. ஒளிந்து திரிகிறார் என்று கோர்ட் நம்பினால் பேப்பரில் விளம்பரம். செலவு என்னுடையது.

ஒளிவது அவர், டீக்கடை பெஞ்சில் ஊரே படிக்கப்போவது என் பேரை. பெரியப்பா போன் போட்டு, "பேப்பர்லயெல்லாம் போடணுமா கண்ணு, மானம் போகுது" என்கிறார். என் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு, "தம்பி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்க" என்று சொல்ல இந்தச் சொந்தத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அவர் வராமலே எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பு வந்தாலும் நிம்மதி கிடையாதாம். "எனக்குச் சம்மனே வரவில்லை, இப்போதுதான் தெரியும்" என்று அவர், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வந்து தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாமாம். "கையில ஆதாரம் சேர்த்து வைம்மா" என்றார் வக்கீல்.

ஸ்க்ரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்தச் செருப்பைப் போட்டோ எடுக்காமல் வந்ததுதான் இன்னமும் வயிற்றெரிச்சல்.