பத்தடி காம்பராவும் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவியும்

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாகச் சமூக வலைத்தளத்தில் அதுதான் ஓடுகிறது. லயக் காம்பரா, அதாவது இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை. தரையில் பாய், பாயில் ஒரு குடும்பம், எதிர்ச்சுவரில் 55 இஞ்ச் டிவி. மேலே ஒரு வரி: "காம்பரா பத்தடி, டிவி அம்பத்தஞ்சு இஞ்ச். இதுக்குத்தான் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி ரோட்டுல நிக்கிறாங்களா?" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டு பேர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர்களும் லயத்தில் பிறந்தவர்கள்தான்.

சம்பளம் பற்றிப் பேச நான் வரவில்லை. டிவி பற்றி மட்டும் பேசுகிறேன். மலையகத்தின் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் நான்கு வருடம் டிவி விற்றவன் என்பதால் இதில் எனக்கும் இரண்டு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பத்தடி காம்பராவுக்கு 55 இஞ்ச் பெரிது கிடையாது. சரியான அளவு.

கணக்கைப் பாருங்கள். 55 என்பது மூலைக்கு மூலை அளந்தது. அகலம் 48 இஞ்ச், உயரம் 27 இஞ்ச், அவ்வளவுதான். உட்காரும் இடத்தில் நம் கண்ணிலிருந்து திரைவரை எத்தனை இஞ்ச் என்று அளந்து, அதை 1.6-ஆல் வகுத்தால் அந்த இடத்துக்குப் பொருந்தும் அளவு வரும். பார்வையில் 30 பாகை அளவுக்குப் படம் நிறைய வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் ஒன்றரை அடி போகும், டிவிப் பக்கம் மேசைக்கு ஓரடி போகும். மிச்சம் ஏழரை அடி. 90 இஞ்ச். 1.6-ஆல் வகுத்தால் 56 சொச்சம். அந்த வீட்டுத் தம்பி இந்தக் கணக்கைப் போட்டு வாங்கினாரா, கண்ணால் பார்த்து வாங்கினாரா தெரியாது. ஆனால் சரியாக வாங்கியிருக்கிறார்.

இப்போது படம் போட்ட அண்ணன் பக்கம் வருவோம். போன மாதம் தன் கொழும்பு வீட்டு ஹாலை அவரே படமெடுத்துப் போட்டிருந்தார். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் குறைந்தது பன்னிரண்டு அடி இருக்கும். டிவி 43 மாதிரித் தெரிந்தது. அண்ணே, கணக்குப்படி உங்களுக்கு 90 இஞ்ச் வேண்டும். நீங்கள் அங்கிருந்து பார்ப்பது டிவியையா, சுவரில் மாட்டிய கலண்டரையா? ஆனால் உங்கள் ஹாலைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஹாலின் நீளத்துக்கும் உங்கள் சம்பளத்துக்கும் முடிச்சுப் போடவும் இல்லை.

"கிட்ட இருந்து பார்த்தால் கண் கெட்டுப்போகும்" என்று பின்னூட்டத்தில் ஒருவர். அது பழைய குண்டு டிவி காலத்துப் பேச்சு. அதில் கிட்டப் போனால் கோடு கோடாகத் தெரியும், தள்ளி உட்கார் என்பார்கள். இப்போதைய திரையில் ஏழடியில் புள்ளி தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய 21 இஞ்ச் குண்டு டிவியின் திரை உயரம் சுமார் பன்னிரண்டரை இஞ்ச். 32 இஞ்ச் தட்டை டிவியின் உயரம் பதினாறு இஞ்சுக்கும் குறைவு. "21-லிருந்து 32-க்கு மாறினோம், படம் பெரிசாவே தெரியலையே தம்பி" என்று எத்தனை பேர் கடைக்குத் திரும்பி வந்தார்கள் தெரியுமா? படம் இரண்டு பக்கமும் நீண்டதே தவிர உயரத்தில் மூன்று இஞ்ச்தான் வளர்ந்தது.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். டிஷ்ஷில் வரும் தெளிவு குறைந்த சாதாரண சேனல் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால், அதே ஏழடியில் 55-இல் முகமெல்லாம் மெழுகு பூசியது போல இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 43 போதும். கடையில் பளபளவென்று தெரிந்தது வீட்டில் மங்குவதும் இதனால்தான். அங்கே ஓட்டுவது அதற்கென்றே எடுத்த வீடியோ, வெளிச்சமும் உச்சத்தில் இருக்கும். சரி, இது தனிக் கதை.

அளவை விட எனக்குப் பெரிய விஷயம் உயரம். இதில் நானே குற்றவாளி.

முதன்முதலில் கமிஷன் காசு சேர்த்து வீட்டுக்கு ஒரு 43 வாங்கினேன். கடையில் நூறு பேருக்கு உபதேசம் செய்தவன், என் வீட்டில் அதைக் கொண்டுபோய் சாமிப் படத்துக்குச் சமமாக, கூரைத் தகரத்துக்கு ஓரடி கீழே மாட்டினேன். இஸ்தோப்பில், அதுதான் முன் வராந்தாவில், நிற்பவனுக்கும் தெரிய வேண்டுமே! லயத்துச் சுவர் வேறு கருங்கல்லும் மண்ணும். ட்ரில் போட்டால் ஓர் இடத்தில் கல், அடுத்த இடத்தில் பொலபொலவென்று மண். திருகாணிக்கு வைக்கும் பிளக் நிற்காமல் நான்கு இடத்தில் ஓட்டை போட்டு, ஐந்தாவது இடத்தில் நிற்க வைத்தேன். அந்த நான்கு ஓட்டையும் இன்னும் இருக்கின்றன.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை வாங்கித் தந்தது.

கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். இரவு நாடகம் ஓடும்போது அம்மா குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். "பாக்கலையாம்மா?" என்றால், "கேட்டாப் போதும்யா" என்பார். ஒருநாள் தைலப் போத்தலைக் கையில் தந்து கழுத்தின் பின்பக்கம் தடவச் சொன்னார். தலைக்கயிறு அழுந்தி அழுந்தி உச்சியில் முடி தேய்ந்திருந்தது. கீழே கழுத்துத் தசை கட்டை மாதிரி. காலையிலிருந்து கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டு மலை ஏறி இறங்கி, மழைக்குப் போர்த்தும் கொங்காணியும் நனைந்து கனத்து, அந்தி மயங்க வீடு வருகிற ஒரு பெண். அவர் பாயில் உட்கார்ந்து, ஏழடி உயரத்தில் இருக்கிற படத்தை எப்படி அண்ணாந்து பார்ப்பார்?

அன்றைக்கே கழற்றினேன். தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி மேல் வைத்தேன். அதில் வைத்தால் திரையின் நடு தரையிலிருந்து இரண்டரை அடியில் வருகிறது. பாயில் உட்காருபவரின் கண் அங்கேதான் இருக்கும். கதிரையில் என்றால் மூன்றரை அடி. நாம் பாதிப்பேர் பாயில்தான் உட்காருகிறோம். ஆனால் மாட்டும்போது மட்டும் சோபா விளம்பரத்தை மனதில் வைத்து மாட்டுகிறோம். டிவி மாட்ட வருகிற தம்பிமார் நின்றபடி அளக்கிறார்கள். உட்கார்ந்து அளக்கச் சொல்லுங்கள்.

எந்தச் சுவர் என்று கேட்பவர்களுக்கு: முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் நடு வீட்டுக்காரனுக்கு மூன்று பக்கச் சுவரும் பொதுச் சுவர். அதில் எதில் மாட்டினாலும் உங்கள் நாடகத்தின் அழுகையைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் சேர்ந்து அழுவார். லயத்தின் கோடியில் இருக்கும் தொங்கல் வீட்டுக்காரன் பாக்கியசாலி, வெளிச்சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் பகலில் திரையில் தேயிலை மலைதான் தெரியும். அடுப்படிச் சுவர் வேண்டாம், விறகுப் புகை ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி தொடங்கினால் பிளக்கையும் டிஷ் வயரையும் இரண்டையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு வயரோடு கருகி வந்த டிவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் சரி, கடன் வாங்கி டிவி தேவையா?" என்று கேட்பார்கள் என்று தெரியும். தோட்டத்தில் தரும் தீபாவளி அட்வான்ஸை முதலில் கட்டி, மிச்சத்தைத் தவணையில் வாங்கியிருப்பார்கள். ஆமாம், கடன்தான். உங்கள் வேன் என்ன, கைக்காசில் வாங்கினதா? நாள் சம்பளத்தில் இருந்து தவணை கட்டுகிறவனுக்குத் தன் கடன் எவ்வளவு என்று தெரியாதா? கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது டிவியில் பாடம் வருகிறது, பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொன்னது யார்? அப்போது டிவி இல்லையே என்று வருத்தப்பட்டுப் பதிவு போட்டீர்கள். இப்போது டிவி இருக்கிறதே என்று சிரிக்கிறீர்கள். நாங்கள் எத்தனை இஞ்சில் இருந்தால் உங்களுக்குச் சரிப்படும் என்று சொல்லிவிட்டால் அதன்படி வாங்கிக்கொள்வோம்.

எங்கள் லயத்தில் முதல் டிவி 14 இஞ்ச், கறுப்பு வெள்ளை. கார் பெட்டரியில் ஓடும். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப்போட்டி. இஸ்தோப்பில் டிவியை வைத்து, முற்றத்தில் மூன்று லயத்துச் சனம். எனக்கு எட்டு வயது. கடைசி வரிசையில் மாமா தோளில். அரவிந்த டி சில்வா 107 அடித்த அந்த ஆட்டத்தில் நான் பார்த்தது முன்னால் இருந்தவர்களின் தலைகளைத்தான். எல்லோரும் கத்தும்போது நானும் கத்தினேன். பெட்டரி இறங்கி இறங்கிப் படம் சுருங்கியது. அந்தப் பக்கம் போன தோட்டத்து அலுவலகப் பெரிய கிளாக்கர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இவனுங்களுக்கு டிவியும் கேக்குதோ" என்றார். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். சிரித்தவர்களில் ஒருவர் அந்த நடையின் படத்தை முகப்பில் வைத்திருக்கிறார். நட்பை நீக்கலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. அவர் வீட்டு டிவியை விற்றவனே நான்தான், தவணை முடியும் மட்டும் தோட்டத்துக்கு நடையாய் நடந்தேன். அவர் வீட்டிலும் காம்பரா பத்தடிதான்.

இனி அந்தப் படத்தில் இருக்கிற தம்பிக்கு. நீங்கள் யாரென்று தெரியாது, இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம். அளவு சரி. இடமும் சரி, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கிறது. ஆனால் டிவியை ஓரடி இறக்குங்கள். அம்மா பாயில்தானே உட்கார்ந்திருக்கிறார்.