சங்கீன் வகுப்பை எடுத்துவிடலாமா?

என் அக்கா மகன் அக்னிவீரனாகத் தேர்வாகி, பயிற்சியை முடித்து, முதல் விடுப்பில் சென்ற மாதம் ஊருக்கு வந்திருந்தான். எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். இராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்குக் கண்மாய்க்கரைப் பொட்டலில் நான் தினமும் காலையில் ஓட்டப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அவன் வந்த மறுநாள் அந்தப் பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, மையத்தில் என்னென்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் வைக்கோல் பொம்மையைக் குத்தும் வகுப்பைப் பற்றி அவன் சொன்னபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பையன் என் பக்கம் திரும்பி, "ஐயா, டிரோன்ல குண்டு போடுற காலத்துல இன்னும் எதுக்குய்யா கத்தியால குத்தச் சொல்லிக் குடுக்குறாங்க?" என்று கேட்டான். அன்று நான் சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது என்பது எனக்கே தெரிந்தது. முழுப் பதிலை எழுதிப் பார்க்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

காலாட்படையில் இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். அதில் மூன்று ஆண்டுகள் உஸ்தாதாக, அதாவது பயிற்சி ஆசிரியராக இருந்து, ரங்ரூட்டுகள் எனப்படும் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஆயுத வகுப்பு எடுத்திருக்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்களில் துப்பாக்கிச் சனியன் என்று காணப்படும் இந்தக் கத்திக்கு முகாமில் சங்கீன் என்று பெயர். ஊருக்குத் திரும்பிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் எனக்கு வாயில் அந்தச் சொல்தான் வருகிறது. இங்கும் அதையே எழுதுகிறேன்.

பையனின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கீன் பிறந்த காரணமே இன்று இல்லை. ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் எதிரி மேலே வந்து விழுந்துவிடுவான் என்ற காலத்தில், துப்பாக்கிக்காரனைக் காப்பாற்றத் தனியாக ஈட்டிக்காரன் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஈட்டியைத் துப்பாக்கியிலேயே வைத்துக்கொள்வதற்குக் கண்ட வழிதான் சங்கீன். தொடக்கத்தில் அதைக் குழலின் வாய்க்குள்ளேயே செருகினார்கள், செருகிவிட்டால் சுட முடியாது. 1689-இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படையினர் அதைச் செருகிக்கொண்டிருக்கும்போதே மலைநாட்டு வீரர்கள் வாளோடு அவர்கள்மேல் பாய்ந்துவிட்டார்கள். பிறகுதான் குழலைச் சுற்றி வளையமாக மாட்டும் முறை படைகளில் பரவியது, ஈட்டிக்காரனுக்கு வேலை இல்லாமல் போனது. 1801-இல் கம்பெனிப் படை காளையார்கோயில் காட்டுக்குள் வந்தபோது அதன் துப்பாக்கிகளில் இருந்ததும் அந்த வளையச் சங்கீன்தான். வளரிக்கும் வேல்கம்புக்கும் எதிரே நம் சீமை பார்த்த அதே கத்தியை, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூருக்கு அருகில் பிறந்த பையன்கள் இன்று பயிற்சி மையங்களில் கையில் வாங்குகிறார்கள்.

எந்திரத் துப்பாக்கி வந்த பிறகு நிலைமை அடியோடு மாறிவிட்டது. முதல் உலகப் போரில் மருத்துவமனைக்கு வந்த காயங்களில் சங்கீனால் ஏற்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. துப்பாக்கியும் குட்டையாகிக்கொண்டே வருகிறது. நம் பாட்டன்மார் தூக்கிய லீ என்ஃபீல்டில் அந்த நீளக் கத்தியை மாட்டினால் ஐந்து அடிக்கு மேல் இருக்கும், ஏறக்குறைய ஓர் ஈட்டி. நான் ரங்ரூட்டாகச் சேர்ந்தபோது கொடுத்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கி 114 செ.மீ.; பிறகு வந்த இன்சாஸ் துப்பாக்கி 96 செ.மீ. இப்போது வரும் ஏ.கே. 203 அதைவிடவும் குட்டை. ஈட்டிக்கு உரிய பாடத்தை இவ்வளவு சிறிய துப்பாக்கியில் நடத்துவது எப்படி என்று கேட்டால் எந்த உஸ்தாதும் சற்றுத் தயங்கத்தான் செய்வார். அமெரிக்கத் தரைப்படை இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் 2010-இல் அடிப்படைப் பயிற்சியிலிருந்து சங்கீன் தாக்குதல் பாடத்தை நீக்கியது. பத்து வாரத்தில் முதலுதவி, குறி பார்த்துச் சுடுதல், கைகலப்பு ஆகியவற்றுக்கு நேரம் வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் அதே நாட்டின் மரீன் படை பதின்மூன்று வாரப் பயிற்சியில் அதை விடாமல் வைத்திருக்கிறது. பிரிட்டனின் காலாட்படையும் வைத்திருக்கிறது.

வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்கள் வழக்கமாகச் சில போர்களைச் சொல்லுவார்கள். 1951 பிப்ரவரியில் கொரியாவின் 180-ஆம் குன்றில் கேப்டன் லூயிஸ் மில்லெட் நடத்திய பாய்ச்சல், 1982-இல் ஃபாக்லாந்தின் டம்பிள்டவுன் மலையில் இரவில் நடந்த சண்டை, 2004 மே 14 அன்று ஈராக்கின் அமாரா அருகே பிரிட்டிஷ் வீரர்கள் சங்கீனோடு பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. எல்லாம் உண்மைதான், அந்த வீரர்களின் துணிச்சலுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் எழுபது ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணும் நிகழ்ச்சிகளைக் காட்டி இலட்சக்கணக்கான ரங்ரூட்டுகளின் பாடத்திட்டத்தை வகுக்க முடியாது. இந்த வாதத்தை நானே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இப்போது அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சங்கீன் வகுப்பு இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்கிறேன், வேறொரு காரணத்துக்காக.

அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மரச்சட்டத்தில் வைக்கோல் அடைத்த சாக்குப் பொம்மை தொங்கும். இருபது, முப்பது கெஜத்துக்கு அப்பால் வரிசையாக நிற்கும் பையன்கள் உத்தரவு கிடைத்ததும் கத்திக்கொண்டு ஓடிவர வேண்டும். முதல் நாள் பாதிப் பேர் குத்தும் நொடியில் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் பொம்மைக்கு முன்னால் கால் தடுமாறி நின்றுவிட்டு, பிறகு மெதுவாக, காய் நறுக்குவதைப்போலக் குத்துவார்கள். உள்ளே போன கத்தியை வெளியே எடுப்பதுதான் கடினம். போன வழியிலேயே நேராக இழுக்காமல் பக்கவாட்டில் அசைத்தால் சாக்கு அதைப் பிடித்துக்கொள்ளும், சட்டத்து மரத்தில் பாய்ந்துவிட்டால் காலை ஊன்றி இரு கையாலும் பிடுங்க வேண்டியிருக்கும். அந்தச் சில நொடிகள் அவன் நிராயுதபாணி. முந்நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள குறிப்பலகையைச் சுடும் பையனுக்குத் தெரியாத ஒன்று, இந்த வைக்கோல் நாற்றத்துக்கு முன்னால் நிற்கும் பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. உயிரை எடுப்பது என்றால் என்ன என்று அவன் உடம்பு முதன்முதலாக யோசிக்கிறது.

நான் ரங்ரூட்டாக இருந்தபோது எங்கள் அணியில் ஒரு பையன் குத்தவே தயங்கினான். மிகவும் சாதுவான பையன், நன்றாக ஓடுவான். உஸ்தாத் அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, சொல்லக் கூசும் வார்த்தைகளால் ஏசி, தாயைப் பழித்து, மைதானத்தைச் சுற்றித் தவழவிட்டு ரகடா என்னும் தண்டனை கொடுத்தார். மூன்றாம் நாள் அவன் குத்தினான். குத்திக்கொண்டே இருந்தான். நிறுத்தச் சொல்லி விசில் அடித்தும் அவன் காதில் விழவில்லை. பொம்மையின் கயிறு அறுந்து கீழே விழுந்த பிறகும் தரையோடு சேர்த்துக் குத்தினான். கத்தி முனை கல்லில் பட்டுத் தெறித்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. பதினோரு தையல் போட்டார்கள். ஓட்டத்தின்போது நான் அரைக்கால் சட்டை போட்டால் பையன்கள் கேட்கும் தழும்பு அதுதான். எனக்கு அவன்மேல் அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. உஸ்தாத் அவனுக்குத் தொடங்கக் கற்றுக்கொடுத்தார், நிறுத்தக் கற்றுக்கொடுக்கவில்லை. அன்று மாலை லங்கரில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், அவன் என் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

எனக்குச் சிறு வயதில் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஆறு மாதம் வரை எதிராளிமேல் கம்பு படவிட மாட்டார். முழு வேகத்தில் வீசிக்கொண்டு வந்த கம்பை எதிரே நிற்பவன் தலைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்த வேண்டும். பட்டுவிட்டால் அன்றைக்குக் கம்பைத் தொட விடமாட்டார், உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். நான் உஸ்தாதான பிறகு இதைத்தான் சங்கீன் வகுப்புக்குள் கொண்டுவந்தேன். ஓடிவரும்போது பாதியில் விசில் அடிப்பேன். கத்தி முனை பொம்மைக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும், நின்ற இடத்தில் மூச்சை இழுத்துவிட்டு, வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் இரத்தம் தலைக்கேறி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வரும் பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பக்கத்தில் இருப்பவனின் பெயர் நினைவுக்கு வராது. முதல் நாளில் முப்பது பேரில் நான்கைந்து பேர்தான் சொல்லுவார்கள். பதினைந்து நாளில் ஏறக்குறைய எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வெறியோடு ஓடும்போதும் தன் அறிவு தன்னிடம் இருக்கிறதா என்று ஒரு பையன் தன்னையே சோதித்துப் பார்க்க, முழுப் பயிற்சியிலும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

இது வெறும் மைதானத்துப் பேச்சு அல்ல. அமாரா சண்டையை மேலே சொன்னேன். அதில் பிடிபட்டவர்களைப் பிரிட்டிஷ் வீரர்கள் கொன்றுவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, பல ஆண்டுகள் விசாரணை நடந்து, 2014-இல் அறிக்கை வந்தது. கொலைக் குற்றச்சாட்டு முழுப் பொய் என்று அது தள்ளியது. ஆனால் பிடிபட்ட ஒன்பது பேர் முகாமில் நடத்தப்பட்ட விதத்தில் சில முறைகேடுகள் இருந்தன என்றும் அதே அறிக்கை சொன்னது. பாய்ந்ததில் அவர்களிடம் குறை இல்லை, பிறகு கைதியை நடத்தியதில்தான் குறை. ஆயுதத்தைக் கீழே போட்டவனையும் காயம்பட்டவனையும் தொடக் கூடாது என்பது 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் அடிப்படை, வகுப்பறையில் அதை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். மனப்பாடம் செய்ததைக் கையும் காலும் மறந்துவிடும். கை மறக்காமல் இருக்க வேண்டுமானால் கையைத்தான் பழக்க வேண்டும்.

இன்னொன்று, நம் எல்லையில் நெருங்கி நின்று சண்டையிடுவது முடிந்துபோன கதை அல்ல. 1962 நவம்பர் 18 அன்று சீனப் படைக்கு எதிராக லடாக்கின் ரெசாங் லாவில் 13 குமாவூன் படைப்பிரிவின் சார்லி கம்பெனி, தோட்டா தீர்ந்த பிறகு கைகலந்து போராடியது. அது பழையது என்று வைத்துக்கொண்டாலும், 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் நடந்தது பழையது அல்லவே. உண்மை எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடுவதில்லை என்று 1996-இல் இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்டிருந்தன. அந்த இரவில் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை, கல்லாலும் ஆணி அடித்த தடியாலும் நடந்த சண்டையில் நம் வீரர்கள் இருபது பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களுக்கு அடுத்த சீமைக்காரர். திருவாடானைக்கு அருகே கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அங்கே சங்கீனுக்கு வேலை இல்லை என்பது சரிதான். ஆனால் எதிரியின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில், சுடும் உத்தரவு இல்லாமல், கலையாமல் நிற்பதற்கு ஒரு மனப்பழக்கம் வேண்டும். அது திரையில் டிரோனை இயக்கிப் பழகுவதால் வராது.

அக்னிவீரர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் பயிற்சிக் காலம் சுருங்கியிருக்கிறது. ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், புதிய பாடங்களும் சேர்ந்துகொண்டே போகின்றன. அதனால் சங்கீனுக்கு நிறைய பீரியட் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வைக்கோல் பொம்மையைக் குத்துவதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மீதி நேரத்தில் அமெரிக்கர்கள் செய்வதைப்போல இரு முனையிலும் பஞ்சு கட்டிய தடியால் ஆளோடு ஆள் மோதவிடலாம். பொம்மை திருப்பி அடிக்காது, ஆள் அடிப்பான். நிறுத்தப் பழகவும் அதுவே சிறந்த இடம், ஏனென்றால் கீழே விழுந்தவன் அடுத்த வேளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவன். ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பையனை ஏசி அவமானப்படுத்தி வெறியேற்றுவது மட்டுமே தெரிந்த உஸ்தாத்தான் கிடைப்பார் என்றால், அந்த மையத்தில் சங்கீன் வகுப்பே வேண்டாம், எடுத்துவிடுங்கள். அரைகுறையாக நடத்துவதைவிட இல்லாமல் இருப்பது மேல்.

ஊர்க்காரன் என்ற முறையிலும் எனக்கு இதில் அக்கறை உண்டு. நான்கு ஆண்டு முடிந்ததும் அக்னிவீரர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் படையில் நிரந்தரமாவார்கள். மீதி முக்கால் பங்குப் பையன்கள் இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயதில் நம் தெருவுக்குத்தான் திரும்பி வரப்போகிறார்கள். மஞ்சுவிரட்டில் தள்ளுமுள்ளு வரும், திருவிழாவில் முதல் மரியாதைக்கு வாக்குவாதம் வரும், வரப்புத் தகராறு வரும். அங்கே நிற்கும்போது அந்தப் பையனின் உடம்பில் எந்தப் பாடம் தங்கியிருக்கிறது என்பது டெல்லியில் பாடத்திட்டம் எழுதுபவர்களைவிட நமக்குத்தான் முக்கியம்.

அன்று இரவு சாப்பாட்டின்போது என் அக்கா அவனிடம், "குத்தும்போது மனசுல என்னப்பா நெனச்ச?" என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் நெனைக்கலம்மா, கத்துனது மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றான். அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் என் வாத்தியாரின் மகனைப் போய்ப் பார்த்தேன். அவரும் சிலம்பம் அறிந்தவர். 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்கப் பழகிக்கொண்டிருக்கும் எங்கள் பையன்களுக்கு, ஓட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் கம்பு சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். விடுப்பு முடிந்து கிளம்பும்வரை அக்கா மகனும் வந்தான். நான்காம் நாள் அவன் வீசிய கம்பு, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட பையனின் நெற்றிக்கு முன்னால் நின்றது. இரண்டு பேரும் அப்படியே அசையாமல் நின்றார்கள். வாத்தியார் மகன் "பேர் சொல்லு" என்றார். சொன்னான்.