ஐந்து நிமிட வேலைதானே, அண்ணன்

இதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். யாருடைய பதிவு என்று சொல்லத் தேவையில்லை, இந்த வாரம் முழுக்க எல்லாருடைய சுவரிலும் அதுதான் ஓடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் நம் தமிழ் அண்ணன் ஒருவர், அந்த நாட்டின் நீலக் கடவுச்சீட்டை விரித்துப் பிடித்தபடி ஒரு படம். கீழே: "வோட்டுப் பதிய பிரஜை என்று காட்டச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஐந்து நிமிட வேலை. கள்ளன்தான் பயப்படுவான்." வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அதற்கு இதயம் போட்டு வைத்திருக்கிறார்கள். என்னோடு படித்தவர்களும் போட்டிருக்கிறார்கள். அதுதான் சுட்டது.

அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன். பிரஜையாக இருப்பது வேறு, பிரஜை என்று நிரூபிக்க முடிவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்களுக்கு வாழ்க்கையில் யாரும் எதையும் நிரூபிக்கச் சொன்னதில்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவில் பேசப்படும் 'சேவ்' சட்டமூலம் 2025 ஏப்ரல் 10 இல் பிரதிநிதிகள் சபையில் 220க்கு 208 என்று நிறைவேறியது. அதன்படி, வாக்காளராகப் பதிய கடவுச்சீட்டோ பிறப்புச் சான்றிதழோ அதுபோல ஒன்றோ காட்ட வேண்டும். தபாலில் விண்ணப்பித்தாலும் பத்திரத்தோடு நேரில் போக வேண்டும். பெரும்பாலான மாநிலங்களின் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, அதில் பிரஜாவுரிமை எழுதியிருக்காது. கலியாணம் கட்டிப் பெயர் மாற்றிய பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயர்தான் இருக்கும், அவர் இன்னொரு கடதாசி தேட வேண்டும். அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கடவுச்சீட்டே இல்லை. அண்ணனிடம் இருக்கிறது. சந்தோஷம்.

"வெளிநாட்டவன் வோட்டுப் போடலாமா?" என்று கேட்பீர்கள். போடக்கூடாது. அங்கே மத்திய அரசுத் தேர்தல்களில் அது 1996 இலிருந்தே குற்றம், சிறைக்கும் போகலாம், நாட்டை விட்டும் அனுப்புவார்கள். சரி, அடுத்தது.

கான்சாஸ் மாநிலம் இதைச் செய்தே பார்த்துவிட்டது. 2013 முதல் பத்திரம் கேட்டார்கள். 31,000க்கும் மேற்பட்டவர்களின் விண்ணப்பம் முடங்கியது. 2018 இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டது. பல வருடப் பதிவுகளைத் துருவியும், வாக்காளர் இடாப்பில் ஏறியிருந்த வெளிநாட்டவர் என்று நீதிபதி ஏற்றது 39 பேரை. முடங்கிய ஆயிரக்கணக்கானோரில் ஏறக்குறைய எல்லாரும் சொந்தப் பிரஜைகள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அந்த வீட்டில் இருந்தவர்கள் கள்ளர்களா அண்ணன்?

இனி என் வீட்டுக் கதை. அம்மாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனோம். அம்மா பிறந்தது ஹற்றன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் எழுதிய புண்ணியவான் 'மாரியாய்' என்று முடித்துவிட்டார். அடையாள அட்டையில் 'மாரியாயி'. உள்ளே இருந்தவர் பேனா மூடியை அந்தக் கடைசி எழுத்தின் மேல் வைத்து, "இது யார்?" என்றார். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நான்தாங்க ஐயா" என்றார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். அது நுவரெலியாவில் மாமா வீட்டில். மடிப்பில் கிழிந்ததை யாரோ டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். டேப் பழுத்து, சரியாக இலக்கம் இருந்த இடமே தெரியவில்லை. சமாதான நீதவானிடம் போய் சத்தியக் கடதாசி முடித்து, மறுபடி வரிசை, மறுபடி லீவு, மறுபடி பஸ். கடைசியில் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அம்மாவை விட இந்த நாட்டுக்குச் சொந்தமான ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

ஐந்து நிமிட வேலை!

"இலங்கையிலும் அடையாள அட்டை காட்டித்தானே வோட்டுப் போடுகிறோம்" என்று ஒருவர் மிகக் கெட்டித்தனமாகக் கேட்டிருந்தார். ஆம், போடுகிறோம். வாக்குச்சாவடியில் நான் நான்தானா என்று பார்க்கிறார்கள், என் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்பதில்லை. இடாப்பில் பெயர் சேர்க்கும் வேலையை இங்கே கிராம உத்தியோகத்தர் பார்க்கிறார். அட்டை இல்லாவிட்டால் தேர்தலுக்கென்று தற்காலிக அட்டை கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் எல்லாருக்கும் பொதுவாகத் தேசிய அடையாள அட்டை என்ற ஒன்றே இல்லை. பத்திரத்தை எல்லார் கையிலும் இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

"எல்லா நாட்டிலும் கேட்கிறார்கள்" என்பவர்களுக்குப் பதில் இல்லை. எல்லா நாட்டிலும் வரியும்தான் கட்டுகிறார்கள்.

உண்மையில் எனக்கு அமெரிக்காவைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அவர்களுக்கு நீதிமன்றம் இருக்கிறது, பணம் இருக்கிறது, கத்துவதற்கு ஆள் இருக்கிறது. இதைச் சொல்வது ஒரு தமிழன் என்பதுதான் தாங்கவில்லை. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இங்கே பிறந்தது போதாது, அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும். பிறப்பைப் பதிவது கட்டாயமாக இல்லாத காலத்தில் பிறந்த பூட்டனுக்குச் சான்றிதழ் எங்கே போய் எடுப்பது? அப்போதும் 'காட்டினால் போச்சு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949 இல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் எடுத்தார்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் பல இடங்களை வென்றது. 1952 இல் ஒன்றுகூட இல்லை. அதன் தலைவர் தொண்டமான் மறுபடி மக்கள் வோட்டில் பாராளுமன்றம் போக 1977 ஆனது. கடைசிச் சிக்கலை அவிழ்க்க 2003 இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. பத்திரம் கேட்பது சின்ன விஷயம் என்பவர்கள், எங்கள் மூன்று தலைமுறையை எந்தக் கணக்கில் எழுதப் போகிறார்கள்?

அன்று இதற்குக் கை தூக்கியவர்களில் தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள். எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியே வந்த செல்வநாயகமும் இருந்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் 'அது தோட்டக்காட்டான் பிரச்சினை' என்று திரும்பிப் படுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு எல்லாருக்கும்தான் வந்தது. 2007 ஜூன் 7 விடியற்காலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஏன் கொழும்பில் இருக்கிறாய், காரணம் காட்டு. அவர்களில் பலர் கையில் அடையாள அட்டை இருந்தது, போலீஸ் பதிவும் இருந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது, பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். அந்த பஸ்ஸில் இருந்தவர்களிடம் போய் 'கள்ளன்தான் பயப்படுவான்' என்று சொல்லிப் பாருங்கள், அண்ணன். அகதியாகப் போய் அந்த நீலப் புத்தகத்தை வாங்கியவர் நீங்கள். முதல் நாள் உங்களிடம் அந்த நாடு எத்தனை பத்திரம் கேட்டது, எத்தனை இருந்தது? அதையும் ஒரு பதிவாகப் போடுங்கள், நானும் இதயம் போடுகிறேன்.

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று நாளைக்கு எழுதுவார்கள். எழுதட்டும். கீழே வாதிட வருகிறவர்கள் வரலாம், திட்ட வருகிறவர்களும் வரலாம். "உங்கட ஆக்களுக்கு இப்ப எல்லாம் கிடைச்சிட்டுதே, பிறகென்ன" என்று உள்பெட்டியில் மட்டும் வராதீர்கள். அதைப் பார்த்தால் பதில் போட மாட்டேன், பிளொக் தான்.